புழக்கடைக்கு ஒரு சாட்சி

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் தங்கப்பல்லி, வெள்ளிப்பல்லியைத் தொட்டுக் கும்பிடாமல் திரும்புவதில்லை. வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்று தொடுகிறார்கள். அதே ஊரில் வீட்டுச் சுவரில் ஓடுகிற உயிருள்ள பல்லியைத் துடைப்பத்தால் தட்டி விரட்டுகிறோம். விளக்கடியில் அது விழுங்குகிற கொசுவையும் ஈசலையும் யாரும் கணக்கில் வைப்பதில்லை.

பட்டுச் சேலையிலும் இதே கதைதான். மயில், அன்னம், யாளி, இருதலைப்பட்சி, மயில்கண், குயில்கண் என்று எத்தனையோ உயிர்களை நம்ம நெசவாளர்கள் ஜரிகையில் கொண்டுவருகிறார்கள். ஆனால் தறிக்குழியை விட்டு எழுந்து பின்கட்டுக் கதவைத் திறந்தால், அங்கே பறக்கிற, ஊர்கிற உயிர்களில் பாதிக்குமேல் நமக்குப் பேர் தெரியாது.

தெற்கே கொல்லைப்புறம் என்பதை நம்ம பக்கத்தில் புழக்கடை என்போம், தோட்டம் என்றும் சொல்வோம். ஒரு கிணறு, ஒரு முருங்கை, கறிவேப்பிலைச் செடி, அவரைப் பந்தல், மாட்டுக் கொட்டகை, எருக்குழி, வைக்கோல் போர், வேலியோரப் புதர். இவ்வளவுதான் இடம். பாலாற்றை ஒட்டிய எங்கள் ஊரில் இப்படிப்பட்ட ஒரு புழக்கடையை நான் மூன்று வருடமாகக் கைப்பேசியில் படம் எடுத்து வருகிறேன். ஆரம்பத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார்: "இன்னாப்பா, தெனமும் அங்கியே நின்னுகினு போட்டோ புடிக்கிற? அங்க இன்னா கீது? ஒண்ணுமில்லியே!"

"ஒண்ணுமில்லியே" என்ற அந்த ஒரு சொல்தான் இந்தக் கட்டுரை பிறக்கக் காரணம். ஒன்றுமில்லை என்று நாம் சொல்கிற இடத்தைத்தான் நாளைக்கு வேறு ஒருவர் வந்து, "இங்கே ஒன்றுமில்லை, எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார். அங்கே இன்னது இருக்கிறது என்று காட்ட உழவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அந்த வேலைக்கு ஒரு கைப்பேசிப் படம் உதவும்.

மா. கிருஷ்ணன் போட்ட பாதை

இந்த வேலைக்கு நமக்குத் தமிழிலேயே முன்னோடி ஒருவர் உண்டு. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். சென்னையில் தாவரவியல் படித்தார், சட்டமும் படித்தார். 1942இலிருந்து சில ஆண்டுகள், இன்றைய கருநாடகத்தின் பெல்லாரிப் பக்கம் இருந்த சண்டூர் சமஸ்தானத்தில் வேலை. பிறகு சென்னைக்கே திரும்பி, கடைசிவரை எழுத்தையும் படத்தையும் நம்பியே வாழ்ந்தார்.

1950இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில், 'நாட்டுப்புறக் குறிப்பேடு' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பத்தி எழுதத் தொடங்கினார். 1996 பிப்ரவரியில் அவர் இறக்கும் வரைக்கும், 46 ஆண்டுகள் அதை எழுதினார். யானையையும் காட்டெருமையையும் படம் எடுத்து நாடறிந்தவர்தான். ஆனாலும் காகமும் அணிலும் பல்லியும் அவருக்குக் குறைந்த உயிர்களாகத் தெரியவில்லை. 1961இல் வந்த அவருடைய நூலின் பெயரே 'காடும் கொல்லைப்புறமும்' என்று பொருள் தரும். காட்டையும் வீட்டின் பின்பக்கத்தையும் ஒரே தட்டில் வைத்த தலைப்பு அது. தமிழிலும் எழுதினார். 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பைத் தேடிப் படியுங்கள்.

அவர் எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கருவியைக் கட்டிக்கொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். நல்ல கருவி வாங்கிய பிறகுதான் தொடங்கவேண்டும் என்று நினைக்கிற நமக்கு இது ஒரு பாடம். இன்னொரு பாடம் உழவர்களுக்கே உரியது. வெளிநாட்டு அலங்கார மரங்களையும் செடிகளையும் கொண்டுவந்து நடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். நம்ம மண்ணின் உயிர்கள் நம்ம மண்ணின் மரஞ்செடிகளைத்தான் நம்பி இருக்கின்றன என்பது அவர் கட்சி.

18 சென்ட் நிலத்தில் 2,673 வகை

"அதெல்லாம் காடு சுற்றியவருக்கு. என் புழக்கடையில் என்ன வந்துவிடப் போகிறது?" என்று கேட்கலாம். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் ஜெனிஃபர் ஓவன் என்ற விலங்கியல் அறிஞர் இருந்தார். அவர் வீட்டுத் தோட்டம் 741 சதுர மீட்டர். நம்ம கணக்கில் சுமார் 18 சென்ட். அதில் காய்கறியும் பூச்செடியும் வளர்த்துக்கொண்டே, 1972 முதல் 2001 வரை 30 ஆண்டுகள், வந்து போகும் உயிர்களையெல்லாம் குறித்து வைத்தார். மொத்தம் 2,673 வகை. இதில் பூச்சிகள் மட்டும் 1,997. அந்தத் தோட்டத்தில் அவர் பூச்சிக்கொல்லி அடிக்கவில்லை.

குளிர் நாட்டில், நகரத்து வீட்டுத் தோட்டத்திலேயே இந்தக் கணக்கு. வெயிலும் மழையும் ஏரியும் வயலும் சூழ்ந்த நம்ம கிராமத்துப் புழக்கடையில் எத்தனை இருக்கும்? யாரும் எண்ணவில்லை என்பதுதான் குறை.

அவரைப் பந்தலில் நண்பன் யார், பகைவன் யார்?

படம் எடுப்பதால் உழவருக்கு முதலில் கிடைக்கிற லாபம் அடையாளம் தெரிவதுதான். அவரைப் பந்தலில் கறுப்பு அசுவினி அப்பியதும் கரைசல் டப்பாவைத் தேடி ஓடுகிறோம். ஓடுவதற்கு முன்னால் நுனிக்கொழுந்தை நெருங்கிப் படம் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத கூட்டம் அதில் தெரியும்.

முதலைக் குட்டியைச் சுருக்கி வைத்தது போல, கறுத்த உடம்பில் வெள்ளை, மஞ்சள் திட்டுகளோடு ஒரு புழு ஓடும். பார்க்க முரட்டுத்தனமாக இருப்பதால் கையில் கிடைத்தால் நசுக்கிவிடுவார்கள். அதுதான் பொறிவண்டின் குழந்தை. அசுவினியை அதுவும் தின்னும், வளர்ந்து வண்டான பிறகும் தின்னும். இலைக்கு அடியில் மஞ்சளாக, நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும் முட்டைகளும் அதனுடையவையே.

தலைமுடி நுனியில் வெள்ளைப் புள்ளி ஒட்டியது போலக் காம்பு வைத்த முட்டைகள் தெரிந்தால், அவை கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள். அதன் புழுவும் அசுவினி வேட்டைக்காரன்தான். காய்ப்புழுவின் முதுகில் வெள்ளை அரிசி ஒட்டியது போல இருந்தால், "முட்டை போட்டுக்கினு கீது" என்று பதறி அந்தப் புழுவைக் கொல்ல வேண்டாம். அவை ஒட்டுண்ணிக் குளவியின் கூட்டுப்புழுக்கள். அந்தக் காய்ப்புழு ஏற்கெனவே அழிவில் இருக்கிறது. அதை அப்படியே விட்டால் பந்தலில் பத்துக் குளவிகள் கூடும்.

இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. மாவுப்பூச்சியைத் தின்கிற ஒருவகைப் பொறிவண்டின் புழுவே மாவுப்பூச்சி மாதிரி வெள்ளைப் பஞ்சு போர்த்திக்கொண்டு திரியும். வேகமாக நகர்வது எது, ஒட்டிக்கொண்டு கிடப்பது எது என்று ஒரு நிமிடம் வீடியோ எடுத்துப் பார்த்தால் வேறுபாடு புரிந்துவிடும். பூண்டு, மிளகாய், வேம்பு என்று நாம் அடிக்கும் கரைசலும் மென்மையான நல்ல பூச்சிகளைத் தொல்லைப்படுத்தும். யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் எதையும் அடிப்பதில்லை என்ற பழக்கம் படம் எடுக்கத் தொடங்கிய பிறகு தானாக வந்துவிடும்.

கறிவேப்பிலைச் செடியில் காக்கை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு துளி கிடக்கிறதா? தொட்டுப் பாருங்கள், நகரும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு அது. பறவைகள் ஏமாற வேண்டும் என்றே அந்த வேடம். வளர்ந்ததும் பச்சையாக மாறும். சீண்டினால் தலைக்குப் பின்னால் சிவந்த இரட்டைக் கொம்பு நீட்டி நெடி பரப்பும். இலையைத் தின்னத்தான் செய்யும். வளர்ந்த செடி அதைத் தாங்கிக்கொள்ளும். நாலைந்து கன்றுகள்தான் இருக்கிறது என்றால் புழுவை எடுத்துப் பெரிய எலுமிச்சை மரத்தில் விடுங்கள்.

நெசவாளர் ஊரில் இன்னும் இரண்டு கைவினைஞர்கள்

பறவைகளில் முதலில் தேடவேண்டியவை தூக்கணாங்குருவியும் தையல்சிட்டும். மழைக்காலத்தை ஒட்டி, பனையிலும் கிணற்றுக்கு மேல் சாய்ந்த கிளையிலும் தூக்கணாங்குருவி கூடு கட்டும். நெய்வது ஆண். நெல் தாளையும் தென்னோலையையும் நாராகக் கிழித்துக் கொண்டுவந்து, தலைக்கவசம் போலப் பாதிக் கூட்டை முடித்து நிறுத்தும். பெண் வந்து சோதித்துப் பார்க்கும். பிடித்தால்தான் மீதிக் கூடும் நுழைகுழாயும். பிடிக்காவிட்டால் பாதியோடு கிடக்கும். தறியில் ஏறாமல் போன பாவு போலத்தான். ஒரே கூட்டை வாரம் ஒருமுறை அதே இடத்தில் நின்று படம் எடுத்தால் முழு வேலையும் வரிசையாகக் கிடைக்கும். வளர்ந்த குருவி நெல்மணி தின்னும், அதை மறைக்க வேண்டாம். ஆனால் குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சி, புழு. இரண்டு கணக்கையும் படத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தையல்சிட்டு அகலமான இலைகளைச் சேர்த்துவைத்து, பஞ்சும் நாரும் சிலந்தி நூலும் கொண்டு தைத்து உள்ளே கூடு வைக்கும். கூடு இருப்பதே தெரியாது. இரட்டைவால் கரிச்சான், செம்போத்து, தவிட்டுக்குருவிக் கூட்டம், முருங்கைப் பூவுக்கு வரும் தேன்சிட்டு, பொந்தில் குந்தியிருக்கும் புள்ளி ஆந்தை, கிணற்றோரத் தவளை, வேலியில் வெயில் காயும் ஓணான், எலி தேடி வரும் கீரி, சாரை. இவற்றில் பாதியாவது ஒவ்வொரு புழக்கடையிலும் இருக்கும்.

எப்படி எடுப்பது?

விலை உயர்ந்த கருவி தேவையில்லை. வீட்டில் இருக்கிற கைப்பேசி போதும். பழகிக்கொள்ள வேண்டியவை இவ்வளவுதான்:

- காலை 6.30 முதல் 9 மணி வரை நல்ல நேரம். மாலை 4 மணிக்கு மேல் இன்னொரு நேரம். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

- உயிரைத் துரத்திப் போகாதீர்கள். அது வருகிற இடத்தில் உட்காருங்கள். ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர் வைத்து, நடுவில் ஒரு கல் போடுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். வயலில் நடும் பறவைத்தாங்கி ஒன்றைத் தோட்டத்திலும் நடுங்கள். கரிச்சான் தானாக வந்து உட்காரும்.

- சமையல்கட்டு ஜன்னலே நல்ல மறைவிடம். வெளியே என்றால் ஒரு சாக்குப் படுதா கட்டி, அதில் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளில் பறவைகளுக்கு அது பழகிவிடும்.

- தூரத்துப் பறவையைக் கைப்பேசியில் இழுத்துப் பெரிதாக்கினால் படம் மங்கும். பூச்சி, தவளை, ஓணான் இவற்றில் தொடங்குங்கள். கைப்பேசிக்கு அதுதான் தோது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மாட்டும் லென்ஸ் ஒன்று இருந்தால் அசுவினியின் காலும் தெரியும்.

- ஒரே உயிரை மேலிருந்து, பக்கத்திலிருந்து, அது இருக்கும் செடியோடு சேர்த்து என்று மூன்று படம் எடுங்கள். அளவு தெரிய பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வையுங்கள். இலையின் அடிப்பக்கத்தை மறக்காதீர்கள்.

- ஒரு நோட்டில் தேதி, நேரம், செடி, அன்றைக்கு மழையா வெயிலா, ஊரில் அதற்கு வழங்கும் பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் பாட்டியிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லாமல் இருக்கலாம். அதனால்தான் எழுதச் சொல்கிறேன்.

பெயர் கண்டுபிடிக்க உதவும் வழிகளும் உண்டு. ஐநேச்சுரலிஸ்ட் என்ற இலவசச் செயலியில் படத்தை ஏற்றினால், அறிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். பறவைகளுக்கு ஈபேர்ட் இருக்கிறது. பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பிப்ரவரியில் உலகம் முழுக்க நான்கு நாட்கள் இன்னொரு கணக்கெடுப்பு நடக்கிறது. 1998இல் அமெரிக்காவில் தொடங்கியது, 2013 முதல் இந்தியாவிலும் நடக்கிறது. அதன் பெயரிலேயே புழக்கடை இருக்கிறது. இருந்த இடத்தில் 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி எழுதினால் போதும்.

செய்யக் கூடாதவை

கூட்டைப் படம் எடுக்க இலையை விலக்காதீர்கள், கிளையை வளைக்காதீர்கள். நாம் விலக்கிய வழியில்தான் அடுத்த நிமிடம் காக்கை வரும். குஞ்சு இருக்கும் நேரத்தில் தாய் இரையோடு வந்து கூட்டுக்குப் போகாமல் சுற்றிச் சுற்றிக் கத்தினால், நீங்கள் நிற்பது தப்பான இடம். உடனே விலகுங்கள். ஆந்தைக்கும் தவளைக்கும் ராத்திரியில் ஃபிளாஷ் அடிக்க வேண்டாம். அழகான படம் வேண்டும் என்று பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப் போகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நமக்கு வேண்டாம்.

பாம்பு என்றால் தள்ளி நில்லுங்கள். கண்ணாடி விரியனா மலைப்பாம்புக் குட்டியா என்று கிட்டே போய்ப் பார்க்கிற வேலை யாருக்கும் வேண்டாம். ஆந்தைக் கூடு, உடும்புப் பொந்து, ஆமை இருக்கும் கிணறு போன்ற இடங்களின் அடையாளத்தைப் பொதுவில் பகிராதீர்கள். படத்தைப் பார்த்து ரசிப்பவர் மட்டுமல்ல, பிடித்து விற்பவரும் பார்ப்பார்.

படம் ஆவணமாகும்போது

வேடந்தாங்கல் கதை நமக்குத் தெரிந்ததுதான். ஏரியில் தங்கும் பறவைகளின் எச்சம் தண்ணீரில் கரைந்து, அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்கு உரமாகிறது என்பதை அந்த ஊர் உழவர்கள் கண்டுவைத்திருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். வாய்ச்சொல்லோடு அவர்கள் விட்டிருந்தால் அடுத்த கலெக்டருக்கு அது தெரிந்திருக்காது.

இன்றைக்கு நமக்கும் அப்படி ஓர் எழுத்து உண்டு. உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002, ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அந்தக் குழு ஊர் மக்களோடு பேசி, அங்குள்ள செடி, கொடி, பூச்சி, பறவை, நாட்டு விதை, கால்நடை, அவை பற்றிய அறிவு எல்லாவற்றையும் 'மக்கள் பல்லுயிர் பதிவேடு' என்ற ஏட்டில் எழுத வேண்டும். எல்லா ஊரிலும் இதை முடிக்கச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 என்று கெடுவும் விதித்தது. கெடுவுக்காக மேசையில் உட்கார்ந்து எழுதப்படும் ஏட்டில் நம்ம அவரைப் பந்தல் இருக்காது. அதில் இருக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

எழுதி வைத்ததன் பலனை மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியில் பார்த்தோம். ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள், சுமார் 250 வகைப் பறவைகள், அதிலும் லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, இராசாளிக் கழுகு என்று அந்த ஊரின் பட்டியல் திரண்டு நின்றது. 2022 நவம்பரில் 193.215 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது என்ற செய்தி வந்ததும் மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அதைச் சாதித்தது மக்களின் போராட்டம். ஆனால் "இங்கே என்ன இருக்கிறது?" என்று யாரும் கேட்க முடியாதபடி பட்டியல் ஏற்கெனவே அரசிதழ் வரைக்கும் போயிருந்தது.

நம்ம மாவட்டத்துக்கு வாருங்கள். 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத் திட்டத்தில் பல கிராமங்கள் வருகின்றன. ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கம் வயல்கள் தொழிற்பேட்டையாகவும் மனைப்பிரிவாகவும் மாறியதை நாம் கண்ணால் பார்த்தவர்கள். ஒவ்வொரு முறையும் காகிதத்தில் வரும் சொல் "தரிசு", "புறம்போக்கு", "நீர் இல்லாத ஏரி". அந்த ஏரிக்கரையில் எந்த மாதம் எந்தக் கொக்கு வந்தது, அந்தத் தரிசில் எத்தனை பொந்து இருந்தது என்று தேதியோடு ஊர்க்காரர்கள் எடுத்த படம் இருந்தால், அந்தச் சொல்லுக்கு எதிரே வைக்க நம்மிடம் ஒன்று இருக்கும். அது இல்லாவிட்டால் நம்ம ஞாபகம் மட்டும்தான் இருக்கும். ஞாபகத்தை எந்த அலுவலகமும் வாங்கிப் பதிவு செய்வதில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் புழக்கடையில் பத்து உயிர்களைப் படம் எடுங்கள். பெயர், தேதி, இடம் எழுதுங்கள். பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுத்து இன்னும் பத்து எடுக்கச் சொல்லுங்கள், அவர்கள் கண் நம்மைவிடக் கூர்மை. தெருவில் நாலு வீடு சேர்ந்தால் ஒரு வருடத்தில் சில நூறு படங்கள் சேர்ந்துவிடும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடு போங்கள். "நம்ம ஊரு பல்லுயிர் பதிவேட்ட எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். ஏடு இருந்தால் அதில் விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லை என்று சொன்னால், எழுதத் தொடங்க நோட்டு உங்கள் கையிலேயே இருக்கிறது.